நாசி கோரெங், கொத்து, அத்தோ, குழிமந்தி... பேரைப் பார்த்து மிரள வேண்டாம்! வெளியே சாப்பிடப் போகும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுக்கோட்டை:

சம்பளம் கைக்கு வந்த வாரக்கடைசியில் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போவது இப்போது புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி என்று எல்லா ஊரிலும் சகஜமாகிவிட்டது. முன்பெல்லாம் பரோட்டா - சால்னா, பிரியாணி, முட்டை தோசை என்று ஆர்டர் முடிந்துவிடும். இப்போது மெனு கார்டைத் திறந்தால் பாதிப் பெயர் வாயில் நுழைவதில்லை. ஷெஸ்வான், நாசி கோரெங், மந்தி, அல்பாம், மோமோ...

தெரியாமல் எதையோ சொல்லி, வந்ததைப் பிள்ளைகள் "எனக்கு வேணாம்" என்று தள்ளிவிட்டால் ஒரு நாள் கூலி போன மாதிரிதான். அதைவிட முக்கியம், சரியாக வேகாத ஷவர்மா தமிழ்நாட்டிலேயே உயிரை வாங்கியிருக்கிறது. அதனால் எது எந்த ஊர் சாப்பாடு, உள்ளே என்ன இருக்கும், எதைக் கேட்கலாம், எதில் உஷாராக இருக்கணும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். இந்தப் பெயர்களில் பல நமக்கு அந்நியமே இல்லை. திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை சாலையில்தான். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று வேலைக்குப் போன நம்ம மாவட்டத்து ஆட்கள் பெட்டியில் தைலமும் சாக்லேட்டும் மட்டும் கொண்டு வரவில்லை. நாக்கில் ருசியையும் கொண்டு வந்தார்கள்.

மலேசியா - சிங்கப்பூர்: பாதி நம்ம கைப்பக்குவம்

மலாய் மொழியில் நாசி என்றால் சோறு. கோரெங் என்றால் பொரித்தது, வறுத்தது. ஆக நாசி கோரெங் என்பது வறுத்த சோறு, அவ்வளவுதான். இந்தோனேசியா, மலேசியா இரண்டு நாட்டிலும் மூலைக்கு மூலை கிடைக்கும். நம்ம ஊர் ப்ரைடு ரைசுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் அரைத்த மிளகாய் விழுதான சம்பல் சேரும். பல இடங்களில் இறால் விழுதும் போடுவார்கள். இந்தோனேசியாவில் இனிப்பான சோயா சாஸ் ஊற்றுவதால் நிறம் கறுத்து, ருசி லேசாக இனிக்கும். மேலே ஒரு ஆஃப் பாயில் முட்டை உட்காரும்.

மீ கோரெங் என்றால் வறுத்த நூடுல்ஸ். இதில் 'மாமாக்' மீ கோரெங் என்று ஒன்று உண்டு. மாமாக் என்பது நம்ம 'மாமா'தான்! மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளுக்கு மாமாக் கடை என்றே பெயர். மஞ்சள் நூடுல்சோடு உருளைக்கிழங்கு, டோஃபு, முட்டை, முளைகட்டிய பயறு, மிளகாய் விழுது எல்லாம் போட்டுப் புரட்டி, ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு வைத்துத் தருவார்கள். காரம் நம்ம நாக்குக்கு ரொம்பப் பொருந்தும். வெளியூர் சாப்பாடு என்றாலே பயப்படுகிற பெரியவர்கள் இதில் ஆரம்பிக்கலாம்.

பினாங்கு பக்கம் போனால் நாசி கண்டார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை என்று காவடி மாதிரி சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு இது. கண்டார் என்ற பெயரே அந்தக் காவடிக் கம்பில் இருந்து வந்தது. வெறும் சோறு, பக்கத்தில் மீன், கோழி, ஆட்டுக்கறி, வெண்டைக்காய்... எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும். அதற்கு அங்கே சொல்லும் வார்த்தை 'பஞ்ஜிர்'. அர்த்தம், வெள்ளம்! நம்ம ஊரில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு "குளிக்க வைங்க மாஸ்டர்" என்று சால்னா கேட்பது மாதிரிதான்.

நாசி லெமாக் என்பது தேங்காய்ப்பாலில் வேக வைத்த சோறு. கூடவே பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரிக்காய், முட்டை, சம்பல். சோற்றில் ஒரு வாசனை வரும். அது ரம்பை இலை. மலேசியாவில் காலை டிபனே இதுதான்.

சிங்கப்பூரில் பரோட்டாவுக்குப் 'பிராட்டா' என்று பெயர். மலேசியாவில் ரொட்டி சானாய். உள்ளே முட்டையும் கறியும் வைத்து மடித்துச் சுட்டால் முர்தபா. தேத் தாரிக் என்றால் 'இழுத்த டீ'. ஒரு குவளையில் இருந்து இன்னொன்றுக்கு உயர்த்தி ஊற்றி நுரை வர ஆற்றுவார்கள். நம்ம டீ மாஸ்டர் தினமும் செய்கிற வேலைதான், அங்கே கெட்டிப்பால் ஊற்றுவார்கள்.

சிங்கப்பூர் மீன் தலைக் கறிக்கும் ஒரு கதை உண்டு. 1949-ல் கேரளாவில் இருந்து போன கோமஸ் என்பவர், சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, அதை நம்ம பக்கத்து மசாலாவில் புளி ஊற்றிக் குழம்பு வைத்தாராம். இன்று அது சிங்கப்பூரின் அடையாளச் சாப்பாடு. மீன் பழக்கமுள்ள கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அங்கே வேலைக்குப் போகிற தம்பிமார்களுக்கு

சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடைகளை ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கும் 'ஹாக்கர் சென்டர்' கலாசாரத்துக்கு 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. ஓட்டலைவிட விலை குறைவு என்பதால் புதிதாகப் போகிறவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடுகிற கூட்டத்தில் நம்ம மாவட்டத்து முகம் ஒன்றாவது தென்படாமல் இருக்காது.

சில வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டால் வயிறு காயாது. ஆயாம் என்றால் கோழி. ஈக்கான் மீன். ஊடாங் இறால். சோத்தோங் கணவாய். காம்பிங் ஆடு. தெலோர் முட்டை. சாயோர் காய்கறி. பெடாஸ் என்றால் காரம். கோசோங் என்றால் வெறுமனே, எதுவும் சேர்க்காமல். 'தபாவ்' என்றால் பார்சல்.

இதில் இரண்டு வார்த்தை ரொம்ப முக்கியம். பாபி என்றால் பன்றிக்கறி. டாகிங் என்றால் இறைச்சி, பெரும்பாலும் மாட்டுக்கறியைத்தான் சொல்வார்கள். சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம், சாப்பிடாதவர்கள் பெயரைப் பார்த்து ஒதுங்கலாம். ஹலால் வேண்டும் என்பவர்கள் கடையில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்தால் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்கணும். காய்கறி வறுவல் என்று சொல்லிவிட்டு உள்ளே 'பெலாச்சான்' என்கிற இறால் விழுது போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, வாசனை மட்டும் கருவாட்டுக் கடையைக் காட்டிக் கொடுக்கும்.

இலங்கை: சத்தத்திலேயே பசி வரும்

இரும்புக் கல்லில் டகடகவென்று தகடு அடிக்கிற சத்தம் கேட்டாலே நமக்குக் கொத்து பரோட்டா நினைவுக்கு வரும். இலங்கையில் அதற்குக் கொத்து ரொட்டி என்று பெயர். அங்கே ரொட்டியை மெல்லிசாக வீசிப் போட்டு, கேரட், லீக்ஸ், கோஸ், முட்டை, கோழி சேர்த்துக் கொத்துவார்கள். நம்ம கொத்து சால்னாவில் ஊறிக் கிடக்கும். அவர்களுடையது கொஞ்சம் உதிரியாக இருக்கும், குழம்பு தனியாக வரும். இடியாப்பத்தையே கொத்துப் போடுவதும் அங்கே உண்டு. வயிறு லேசாக இருக்கணும் என்பவர்களுக்கு இடியாப்பக் கொத்து நல்ல சாய்ஸ்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்கள் நம்ம மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு, அழியாநிலை முகாம்களில் வாழ்கிறார்கள். 2021-ல் இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. அந்த வீடுகளில் புட்டும், பால் சொதியும், தேங்காய்ச் சம்பலும் இன்றும் அன்றாடச் சாப்பாடு. சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம் போட்டு லேசாகக் கொதிக்க விட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிவது. காரம் தாங்காத குழந்தைகளுக்கு இடியாப்பமும் சொதியும் கொடுத்துப் பார்க்கலாம்.

சைவக்காரர்கள் இங்கேயும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டா சம்பல், சீனி சம்பல் இரண்டிலும் மாசிக்கருவாடு இடித்துப் போடுவது வழக்கம். "மாசி போடாம இருக்கா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டால் தகராறு இல்லை.

பர்மா: நம்ம வீட்டு அலமாரியிலேயே இருக்கு

ராயவரம், கோனாப்பட்டு, கடியாபட்டி, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி... நம்ம மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகள் பல பர்மா பணத்தில் எழுந்தவை. தூண்களுக்கு நிற்கிற தேக்கும் அங்கிருந்து வந்ததே. நகரத்தார் கல்யாணத்தில் பரிமாறும் கறுப்புக் கவுனி அரிசி இனிப்பும் பர்மாவில் இருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது. இரவே ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டுக் கிளறுவார்கள். இதே மாதிரி கறுப்பு அரிசியைத் தேங்காய்ப்பாலில் கஞ்சியாக்கி மலேசியாவில் 'புலுட் ஹிட்டாம்' என்று விற்கிறார்கள். மெனுவில் அந்தப் பெயரைப் பார்த்தால் தைரியமாகக் கேட்கலாம், நம்ம ஆச்சி வீட்டுப் பலகாரத்தின் அக்கா தங்கச்சிதான்.

1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே திரும்பியவர்கள் ஒரு பக்கம். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து கடை, வியாபாரத்தை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டதால் 1964-க்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கியவர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் பலர் சென்னை கடற்கரை ரயில் நிலையம் எதிரே உள்ள பர்மா பஜார் பக்கம் பிழைப்புத் தேடினார்கள். அங்கே பிறந்ததுதான் அத்தோ கடைகள்.

அத்தோ என்பது சூடாக வறுக்கிற நூடுல்ஸ் இல்லை, கையால் பிசைகிற நூடுல்ஸ். கெட்டியான கோதுமை நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள், எண்ணெய், நொறுக்கிய 'பேஜோ' என்கிற தட்டை எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுப் பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயத்தைத் திணித்துப் புளித்தண்ணி ஊற்றுகிற மசாலா முட்டையையும் விட்டுவிடக் கூடாது. சென்னைக்கு வேலையாகப் போகிறவர்கள் சாயங்காலம் ஒரு எட்டு பீச் ஸ்டேஷன் பக்கம் போய் வரலாம். பிசைவது வெறும் கை என்பதால், கை கழுவுகிற கடையாகப் பார்த்து நிற்பது நல்லது.

சைனீஸ்: சீனாவில் கிடைக்காத சைனீஸ்!

தள்ளுவண்டி தொடங்கி ஏ.சி. ஓட்டல் வரை அதிகமாக ஓடுவது இதுதான். ஆனால் நாம் சாப்பிடும் கோபி மஞ்சூரியனைச் சீனாவில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். மஞ்சூரியா என்பது சீனாவின் வடகிழக்குப் பகுதி, அங்கே இப்படி ஒரு பதார்த்தமே கிடையாது. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளி சமையல்காரர் நெல்சன் வாங், 1975-ல் மும்பையில் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயோடு சோயா சாஸ், சோளமாவு சேர்த்துச் செய்த கோழிதான் முதல் மஞ்சூரியன் என்கிறார்கள். பிறகு கோழி போய் காலிபிளவர் வந்தது. ஹக்கா என்பது கொல்கத்தாவில் தோல் பதனிடும் தொழில் செய்த சீனச் சமூகத்தின் பெயர். 'சிங்கப்பூர் நூடுல்ஸ்' கதையும் இப்படித்தான். அது ஹாங்காங் ஓட்டல்களில் உருவானது, சிங்கப்பூர்காரருக்கே அது புதுசு!

கேட்கலாமா? தாராளமாக. ஆனால் கண்ணைப் பறிக்கிற சிவப்பில் சில்லி சிக்கனோ, கோபியோ வந்தால் யோசிக்கணும். காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டால் வருவது மங்கிய சிவப்பு. கையில் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாத சிவப்பு, கலர் பொடி. ரோடமின்-பி மாதிரி சாயங்கள் கலப்பது தெரிய வந்ததால் 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கவே தடை போட்டது.

அஜினோமோட்டோ பயம் பலருக்கு உண்டு. அது ஜப்பானிய விஞ்ஞானி இக்கேடா 1908-ல் கடற்பாசிச் சாற்றில் இருந்து கண்டுபிடித்த உப்பு. அளவாகப் போட்டால் பெரியவர்களுக்குக் கெடுதல் இல்லை என்பதே விஞ்ஞானிகள் கருத்து. ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மட்டும் கூடாது. வேண்டாம் என்று நினைப்பவர்கள் மாஸ்டரிடம் சொன்னால் போடாமல் தருவார்.

உண்மையில் பயப்பட வேண்டியது பழைய சோற்றுக்குத்தான். மதியம் வடித்து வெளியிலேயே கிடந்த சோற்றை ராத்திரி ப்ரைடு ரைசாகப் புரட்டினால் வாந்தி, பேதி வரலாம். சோற்றில் வளர்கிற ஒரு வகை பாக்டீரியா கக்கும் நச்சு, எவ்வளவு தீயில் புரட்டினாலும் அழியாது. ஆறிய சோற்றை உடனே ஃப்ரிட்ஜில் வைக்கிற கடைதான் நல்ல கடை.

அரபு நாட்டு அயிட்டங்கள்: மந்தி ஓ.கே., ஷவர்மா உஷார்

அரபு நாடுகளும் ஆசியாதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மந்தி ஏமன் நாட்டுச் சாப்பாடு. குழி அடுப்பில் கீழே சோறு, மேலே கறி என்று வைத்து மூடிவிடுவார்கள். கறியின் கொழுப்பும் சாறும் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் இறங்கும். மசாலா குறைவு. பிரியாணி என்று நினைத்து உட்கார்ந்தால் "என்னங்க சப்புனு இருக்கு" என்றுதான் தோன்றும். பக்கத்தில் தருகிற தக்காளிச் சட்னியோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் களைகட்டும். கேரளா வழியாக வந்ததால் நம்ம பக்கம் குழிமந்தி. ஒரு ஃபுல் வாங்கினால் நாலு பேர் ஒரே தட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், தனித்தனி பிரியாணியைவிடக் கட்டுப்படியாகும். அல்பாம் என்பது கரியில் சுட்ட கோழி. அரபியில் ஃபஹ்ம் என்றால் கரி.

ஷவர்மாவுக்கு வருவோம். துருக்கி மொழியில் 'சுழற்றுவது' என்ற சொல்லில் இருந்து வந்த பெயர். கம்பியில் அடுக்கிய கறி சுற்றிக்கொண்டே வேகும், வெளிப்பக்கம் வெந்ததைச் சீவி ரொட்டியில் சுருட்டுவார்கள். முறையாகச் செய்தால் அருமையான சாப்பாடு. முறையாகச் செய்யாவிட்டால் எமன்.

2022 மே மாதம் கேரள மாநிலம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி பலியானார். இரண்டும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்.

ஆபத்து எங்கே? கூட்டம் அதிகமானால் உள்ளே வேகாத கறியையும் சேர்த்துச் சீவிவிடுவார்கள். கூட்டம் இல்லாவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி பற்ற வைப்பார்கள். அந்த இடைவெளியில் அரைவேக்காட்டுக் கறியில் கிருமி பெருகும். நேற்று மிஞ்சிய கறியை இன்றைக்குக் கம்பியில் ஏற்றுவது அதைவிட மோசம். இன்னொரு ஆபத்து மயோனைஸ். பச்சை முட்டையில் அடித்த மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததே இதனால்தான்.

கடையில் நின்று கவனித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுப்பு எரிகிறதா? சீவிய துண்டில் இளஞ்சிவப்பு தெரிகிறதா? சீவியதைக் கல்லில் போட்டு மறுபடி ஒரு புரட்டு புரட்டுகிறார்களா? கம்பி ரோட்டோரத் தூசியில் திறந்து கிடக்கிறதா? மயோனைஸ் முட்டை இல்லாததா? சந்தேகம் வந்தால் வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதில் தாட்சண்யமே பார்க்கக் கூடாது.

மற்றவை சுருக்கமாக

மோமோ, திபெத் - நேபாளப் பக்கத்துக் கொழுக்கட்டை. ஆவியில் வெந்தது வயிற்றுக்கு நல்லது, பொரித்ததைவிட ருசியும் அதிகம். தாய்லாந்தின் டாம் யம் சூப் புளிப்பும் காரமுமாக நம்ம ரசம் மாதிரி இருக்கும், எலுமிச்சைப்புல் வாசனை தூக்கும். இறால் போட்ட டாம் யமுக்கு 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. இதில் மீன் சாஸ் இருக்கும் என்பதைச் சைவக்காரர்கள் நினைவில் வைக்கணும். கொரியா நூடுல்ஸ் பாக்கெட்டுகளைப் பிள்ளைகள் பந்தயம் கட்டிச் சாப்பிடுகிறார்கள். அதில் மூன்று வகைகளை, காரம் அளவு மீறியதாகச் சொல்லி 2024 ஜூனில் டென்மார்க் நாடு கடைகளில் இருந்து திரும்பப் பெறச் சொன்னது.

எந்தக் கடையாக இருந்தாலும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் பார்வையில் படும்படி இருக்க வேண்டும். தள்ளுவண்டிக்கும் பதிவு உண்டு. பில் வாங்கி வைத்துக்கொண்டால், வயிற்றுக்கு ஏதாவது ஆனால் மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்க அதுதான் சாட்சி. பார்சல் வாங்கிப் போகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மயோனைஸ் மிஞ்சினால் காலையில் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்காமல் அப்போதே கொட்டிவிடணும்.